கோட்டை பேண்டும் கோயில் பாட்டும்



கடந்த மார்கழியில் நம் பொது அரங்கில் நடந்த சண்டையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் பிள்ளைகள் ஆறேழு பேர் சேர்ந்து கீபோர்டு, பேடு, கிட்டார் எல்லாம் வைத்துக்கொண்டு கந்த சஷ்டி கவசத்தை ரீமிக்ஸ் செய்து வாசித்தார்கள். விடிவதற்கு முன்பே வாசித்தார்கள் என்பது ஒரு புகார். சத்தம் அதிகம் என்பது இன்னொரு புகார். இரண்டும் நியாயமான புகார்கள். ஆனால் மூன்றாவதாக ஒரு புகார் வந்தது. சாமி பாட்டை இப்படி வாசிப்பதே பாவம், பாரம்பரியம் கெட்டுப்போகும் என்பது அது. அந்தப் புகாரைக் கொடுத்தவன் நான்தான்.

செயற்குழுக் கூட்டத்தில் அதிகம் பேசியதும் நான்தான். இனி பஜனையில் ஜால்ரா, ஆர்மோனியம் தவிர வேறு வாத்தியம் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. வாசகத்தை எழுதிக் கொடுத்தவனும் நானே. வங்கியில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவனுக்குத் தீர்மானம் எழுதுவது பெரிய காரியமா?

அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் ஒருவர்கூட சனிக்கிழமை பஜனைக்கு வருவதில்லை. சண்டைக்கு முன்பு முப்பது பேர் உட்கார்ந்த இடத்தில் இப்போது ஒன்பது பேர் உட்காருகிறோம். ஒன்பது பேரில் வயது குறைந்தவருக்கு 58. கணக்குப் பார்த்துப் பழகியவன் என்பதால் சொல்கிறேன். வரவு இல்லாமல் இருப்பு மட்டும் கரைந்துகொண்டிருக்கும் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்த மே மாத விடுமுறைக்கு என் பேத்தி வந்திருந்தாள். வயலின் கற்றுக்கொள்கிறாள். ஒருநாள் மாலை விளக்கேற்றியதும் பூஜை அறை முன்னால் உட்கார்ந்து ஒரு மெட்டு வாசித்தாள். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கிலாந்து ராஜாவைக் கடவுள் காப்பாற்றட்டும் என்று வெள்ளைக்காரர்கள் பாடும் அவர்களுடைய தேசிய கீதத்தின் மெட்டு அது. சாமி முன்னால் வாசிக்க வேறு பாட்டே கிடைக்கவில்லையா என்று அதட்டினேன். அவள் நிதானமாகச் சொன்னாள், இது முத்துசுவாமி தீட்சிதர் பாட்டு தாத்தா, அம்பாள் மேல் பாடியது என்று.

நான் நம்பவில்லை. பாட்டு வாத்தியாரைக் கேட்டேன். நூலகத்தில் தேடிப் படித்தேன். பேத்தி சொன்னது உண்மை. படித்ததை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வரும் தீபாவளி நாள் அந்த மகானின் நினைவு நாளும் கூட.

திருவாரூர் பிள்ளை

கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள் என்று தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் மூவரையும் சொல்கிறோம். மூவருமே திருவாரூரில் பிறந்தவர்கள். முத்துசுவாமி தீட்சிதர் பிறந்தது 1775ஆம் ஆண்டு, பங்குனி மாதம், கார்த்திகை நட்சத்திரத்தில். 1776 என்று சொல்பவர்களும் உண்டு. தந்தை ராமசுவாமி தீட்சிதர் சாதாரண ஆள் இல்லை. கச்சேரிகளில் இன்று முதலில் பாடும் ஹம்சத்வனி ராகத்தை உண்டாக்கியவர் அவர். 108 ராகங்களும் தாளங்களும் வரும்படி ஒரே மாலையாகப் பாட்டுக் கட்டியவர்.

நெடுநாள் பிள்ளை இல்லாமல் வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்பதால், அங்குள்ள முத்துக்குமாரசுவாமியின் பெயரையே வைத்தார்களாம். பின்னர் சின்னசுவாமி, பாலுசுவாமி என்று இரண்டு தம்பிகளும் ஒரு தங்கையும் பிறந்தார்கள். இந்தக் கடைக்குட்டித் தம்பி பாலுசுவாமியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைக்கு அவர் மிகவும் வேண்டியவர்.

வீட்டிலேயே பாட்டு, வீணை, சம்ஸ்கிருதம், தெலுங்கு எல்லாம் தந்தை கற்றுக்கொடுத்தார். வேங்கடமகி வகுத்த 72 மேள முறையில் பிள்ளை ஊறிப்போனார். பின்னால் அவர் செய்த புதுமைகளை எல்லாம் எடை போடும்போது இந்த அஸ்திவாரத்தை மறந்துவிடக் கூடாது.

மணலியும் ஜார்ஜ் கோட்டையும்

சென்னைக்கு வடக்கே மணலி என்று ஊர். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலைதான் நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் அங்கே முத்துகிருஷ்ண முதலியார் என்ற பெரிய செல்வந்தர் இருந்தார். சங்கீதத்தில் அபாரப் பிரியம் கொண்டவர். அவர்தான் ராமசுவாமி தீட்சிதரின் குடும்பத்தை மணலிக்கு அழைத்து ஆதரித்தார். அவருக்குப் பின் அவர் மகன் சின்னையா முதலியார் ஆதரித்தார். இந்தச் சின்னையா முதலியார் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு துபாஷியாக இருந்தவர். துபாஷி என்றால் வெள்ளைக்காரருக்கும் நம்மவருக்கும் நடுவில் மொழிபெயர்த்து, வியாபாரம் பேசி முடிக்கும் ஆள். அவருக்குக் கோட்டைக்குள் போய்வரும் செல்வாக்கு இருந்தது.

அப்போது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கம்பெனிப் பட்டாளத்தின் பேண்டு வாசிப்பார்கள். குழல்கள், எக்காளங்கள், முரசுகள் எல்லாம் சேர்ந்து அணிவகுப்பு மெட்டுகளும் நடன மெட்டுகளும் முழங்கும். முதலியார் தீட்சிதர் சகோதரர்களைக் கூட்டிக்கொண்டு போய் அதைக் கேட்க வைத்தார்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அனுஷ்டானம் தவறாத ஒரு வைதீகக் குடும்பம். குடுமியும் விபூதியுமாக மூன்று இளைஞர்கள். எதிரே சிவப்புச் சட்டைப் பட்டாளத்தார் ஊதும் அயர்லாந்து நாட்டுப்புற மெட்டு. நம் வீட்டுப் பெரியவர்களாக இருந்தால், கேட்ட தோஷம் போகத் தலைமுழுகிவிட்டு வா என்று சொல்லியிருப்பார்கள். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர்கள் காதைத் திறந்து வைத்துக் கேட்டார்கள்.

அதில் இரண்டு காரியங்கள் விளைந்தன. ஒன்று, கடைசித் தம்பி பாலுசுவாமிக்கு வயலின் மேல் ஆசை பிறந்தது. ஒரு ஐரோப்பிய வித்வானிடம் சுமார் மூன்று வருடம் கற்றுக்கொள்ள முதலியார் ஏற்பாடு செய்தார். இன்னொன்று, அண்ணன் முத்துசுவாமியின் மனதில் அந்த மெட்டுகள் தங்கிவிட்டன.

காசியும் திருத்தணியும்

அந்தச் சமயத்தில் சிதம்பரநாத யோகி என்ற துறவி மணலிக்கு வந்தார். முத்துசுவாமியைத் தன்னோடு காசிக்கு அனுப்பும்படி தந்தையிடம் கேட்டார். தந்தை மனமில்லாமல் சம்மதித்தார். காசியில் சில ஆண்டுகள் குருவுடன் தங்கி ஸ்ரீவித்யை உபாசனையும் வேதாந்தமும் கற்றார் முத்துசுவாமி. அதோடு அங்கே துருபத் பாடுவதைக் கேட்டுக் கேட்டு வடநாட்டு ராகங்களின் போக்கைப் பிடித்துக்கொண்டார். அவர் பாடல்களில் உள்ள அந்த நிதானமான, யானை நடப்பது போன்ற நடை அங்கிருந்து வந்தது என்று சங்கீதம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். துவிஜாவந்தி, பிருந்தாவன சாரங்கா, யமுனா கல்யாணி போன்ற ராகங்களில் அவர் செய்த கீர்த்தனைகளில் வடக்கின் வாசனை இன்றும் வீசும்.

குரு சொன்னபடி கங்கையில் இறங்கியபோது அவர் கையில் ஒரு வீணை கிடைத்தது என்றும், அதில் ராம நாமம் பொறித்திருந்தது என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். குரு காசியிலேயே சித்தியடைந்தார். சீடர் தெற்கே திரும்பினார்.

திரும்பியவர் திருத்தணிக்குப் போனார். அங்கே தியானத்தில் இருந்தபோது ஒரு முதியவர் வந்து வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டைப் போட்டுவிட்டு மறைந்தார், வந்தது முருகனே என்பது ஐதீகம். அங்குதான் மாயாமாளவகௌளையில் அவருடைய முதல் கீர்த்தனை பிறந்தது. அன்று முதல் தம் பாடல்களில் குருகுஹ என்று முருகன் பெயரையே முத்திரையாக வைத்தார். கந்த சஷ்டி கவசத்துக்காகச் சண்டை போட்ட நமக்கு, முருகனடியாரான இவர் வாழ்க்கை பாடமாக அமைந்திருப்பது பொருத்தம்தானே?

ராஜாவின் மெட்டு, அம்பாளின் பாட்டு

இனி பேத்தி வாசித்த பாட்டுக்கு வருகிறேன்.

கோட்டையில் கேட்ட மேல்நாட்டு மெட்டுகளுக்குத் தீட்சிதர் சம்ஸ்கிருதத்தில் தெய்வப் பாடல்கள் எழுதினார். நோட்டு ஸ்வர சாகித்தியம் என்று இவற்றுக்குப் பெயர். வெள்ளைக்காரர்கள் இசையை நோட்டாக எழுதி வைத்து வாசிப்பதால் வந்த பெயர். சுமார் நாற்பது பாடல்கள் உள்ளன. எல்லாம் நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களுக்குள் அடங்குபவை. கணபதி, முருகன், சிவன், ராமன், மீனாட்சி என்று எல்லாத் தெய்வங்கள் மேலும் உண்டு. மதுரை மீனாட்சியை வணங்கும் ஒரு பாட்டின் மெட்டு அயர்லாந்து நடன மெட்டு.

இவற்றில் புகழ் பெற்றது அந்த இங்கிலாந்து ராஜகீத மெட்டில் அமைந்த பாட்டு. சந்ததம் பாஹிமாம் என்று தொடங்கும். சங்கீத சியாமளை என்ற அம்பாளை வேண்டுவது. நினைத்துப் பாருங்கள். நாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கம்பெனியின் கோட்டைக்குள், அவர்கள் ராஜாவை வாழ்த்தும் மெட்டு. அதை எடுத்து ராஜாவை இறக்கிவிட்டு அம்பாளை உட்கார வைத்துவிட்டார் மனிதர். ஒரு சத்தமும் இல்லை, சண்டையும் இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு நம் கம்பம் சாலை நினைவுக்கு வந்தது. கார்த்திகை, மார்கழியில் குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் வேன்களில் சினிமா மெட்டில் ஐயப்பன் பாட்டுப் போட்டுக்கொண்டு போவார்கள். கேட்டால் நான் முகம் சுளிப்பேன். மெட்டு எங்கிருந்து வந்தால் என்ன, அதில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதுதானே விஷயம் என்று தீட்சிதர் என்னைக் கேட்பது போல இருக்கிறது.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நோட்டு ஸ்வரங்களில் கமகம் கிடையாது, நெளிவு சுளிவு கிடையாது. குழந்தைகள்கூடப் பாடலாம். தீட்சிதர் அவற்றைத் தனியாக வைத்தார். திருவாரூர் கமலாம்பாள் மேல் அவர் பாடிய நவாவரணக் கீர்த்தனைகளில் பேண்டு மெட்டைக் கொண்டு போய்க் கலக்கவில்லை. ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது சுற்றுகளையும் பாட்டாக்கிய கனமான சாகித்தியங்கள் அவை. எதை எங்கே வைக்க வேண்டும் என்ற விவேகம் அவருக்கு இருந்தது. வங்கியில் நடப்புக் கணக்கும் வைப்புநிதிக் கணக்கும் தனித்தனி. இரண்டும் ஒரே வாடிக்கையாளருடையவைதான்.

தம்பியின் வயலின்

பாலுசுவாமி கற்ற வயலின் என்ன ஆயிற்று? அதை அவர் வெள்ளைக்காரர் வாசிப்பது போலவே வாசித்துக்கொண்டிருக்கவில்லை. நம் பாட்டுக்கு ஏற்றபடி பழக்கினார். அப்படி ஆரம்பித்த வழியில்தான் நம் வித்வான்கள் நான்கு தந்திகளையும் ஷட்ஜம், பஞ்சமம் என்று நம் ஆதார சுருதிக்குக் கட்டினார்கள். நின்று வாசிக்கும் வாத்தியத்தைத் தரையில் உட்கார்ந்து, அதன் தலைப்பக்கத்தைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கத் தொடங்கினார்கள்.

அது ஏன் நமக்குப் பொருந்தியது என்பதற்குக் காரணம் உண்டு. வயலினில் வீணை போல மெட்டுக்கட்டை கிடையாது. விரல் எங்கும் வழுக்கிப் போகலாம். வில் போடும் வரை நாதம் அறுபடாது. அதனால் பாடகர் குரல் எப்படி அசைகிறதோ அப்படியே பின்னால் போக முடியும். இன்று வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியைக் காண்பது அரிது. அதை அந்நிய வாத்தியம் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ஆனால் அது கோட்டை வாசல் வழியாக வந்ததுதான்.

தீட்சிதரின் சீடர்களும் அதைத் தொடர்ந்தார்கள். தஞ்சை நால்வர் என்று புகழ் பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். இன்றைய பரதநாட்டியக் கச்சேரியின் வரிசையை அமைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அவர்களில் இளையவரான வடிவேலு வயலினில் பெரிய நிபுணர். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் அவருக்குத் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

தஞ்சாவூர் அரண்மனையில் சரபோஜி மன்னர் ஆங்கில பேண்டு வைத்திருந்த காலமும் அதுதான். பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்த காலம்.

கைக்கு எட்டாத பணம், கைவிடாத தெய்வம்

இத்தனை புகழ் இருந்தும் தீட்சிதர் பணம் சேர்க்கவில்லை. காஞ்சிபுரத்தில் சில காலம் தங்கினார். பிறகு திருவாரூர் வந்து பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஊர் ஊராகக் கோயில்களுக்குப் போய், அந்தந்த ஊர்த் தெய்வம், தீர்த்தம், தலபுராணம் எல்லாவற்றையும் கீர்த்தனையில் வைத்தார். அவர் பாட்டைப் படித்தால் அந்தக் கோயிலுக்கு வழிகாட்டி நூலே வேண்டாம்.

ஒரு நாள் வீட்டில் அரிசி இல்லை. அவரிடம் பாட்டுக் கற்ற கமலம் என்ற தேவதாசிப் பெண் தன் வளையலை அடகு வைத்துச் சாமான் வாங்கித் தருவதாகச் சொன்னாள். அவர் மறுத்துவிட்டு, தியாகராஜப் பெருமானை வணங்கும் கீர்த்தனையை யதுகுல காம்போதியில் பாடிக்கொண்டு கோயிலுக்குப் போனார். அன்று ஊருக்கு வரவிருந்த ஓர் அதிகாரியின் வருகை ரத்தாகி, அவருக்காகச் சேகரித்த மளிகை எல்லாம் இவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்பது கதை. அடகுச் சீட்டுகளை ஆயிரக்கணக்கில் பார்த்த எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

இன்னொரு சீடர் தம்பியப்பன். திருவாரூர் கோயிலில் சுத்த மத்தளம் வாசித்தவர். அவருக்குத் தீராத வயிற்று வலி. ஜாதகத்தில் குரு கிரகம் சரியில்லை என்றார்கள். தீட்சிதர் அடாணா ராகத்தில் குருவைத் துதித்து ஒரு கீர்த்தனை செய்து அவருக்குக் கற்றுக்கொடுத்தார். வலி தீர்ந்தது என்கிறார்கள். நவக்கிரகக் கீர்த்தனைகள் அப்படித்தான் தொடங்கின.

இந்த இரண்டு சீடர்களையும் பாருங்கள். ஒருவர் தேவதாசி, மற்றவர் மத்தளக்காரர். தஞ்சை நால்வரோ நட்டுவனார் குடும்பம். கேட்டு வந்தவருக்கு அவர் கதவைச் சாத்தவில்லை. பொது அரங்கின் கதவைச் சாத்திய எனக்கு இது சுருக்கென்று தைத்தது.

மதுரை வழியாக எட்டயபுரம்

1817இல் தந்தை காலமானார். தம்பிகள் இருவரும் பிழைப்புத் தேடித் தெற்கே மதுரைப் பக்கம் போனார்கள். நம் தேனிப் பகுதியும் 1996 வரை மதுரை மாவட்டம்தான் என்பதால், அவர்கள் நம் பக்கம் வந்தார்கள் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். பார்வை மங்கியிருந்த சின்னசுவாமி மதுரையிலேயே இறந்துபோனார். துக்கம் தாங்காமல் ஊர் ஊராக அலைந்த பாலுசுவாமியை எட்டயபுரம் அரசர் ஆதரித்து ஆஸ்தான வித்வான் ஆக்கினார்.

தம்பிகளைத் தேடி முத்துசுவாமி மதுரை வந்தார். ஒரு தம்பி இல்லை என்ற செய்திதான் கிடைத்தது. மீனாட்சி சந்நிதியில் நின்று பாடினார். பூர்விகல்யாணிச் சாயலில் உள்ள அந்த மீனாட்சி மே முதம் கீர்த்தனையைக் கேட்டால், துக்கப்பட்டவன் அழாமல் வேண்டுவது எப்படி என்று புரியும்.

பிறகு கடைசித் தம்பி எட்டயபுரத்தில் இருப்பது தெரிந்து அங்கே புறப்பட்டார். வழியில் கரிசல் பூமி மழையின்றி வெடித்துக் கிடந்தது. அந்தக் கோலத்தைப் பார்த்து மனமிரங்கி அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்று சொல்கிறார்கள்.

1835ஆம் ஆண்டு அக்டோபர் 21, நரக சதுர்த்தசி. அன்று எட்டயபுரத்தில் பூஜை முடிந்து, சீடர்களை அந்த மீனாட்சி கீர்த்தனையைப் பாடச் சொல்லிக் கேட்டபடியே உயிர் நீத்தார். வயது அறுபது. அரசரின் ஏற்பாட்டில் அங்கேயே சமாதி எழுந்தது.

வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். நான் கோவில்பட்டிக் கிளையில் வேலை பார்த்த நாட்களில் எட்டயபுரத்துக்குப் பலமுறை போயிருக்கிறேன். பாரதியார் பிறந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். தீட்சிதர் சமாதி இருந்த பக்கம் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

யார் காப்பாற்றியது?

பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர். தாத்தாவே அவரைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அவர் குடும்பத்தில் வழிவழியாக வந்த பாடல்களை ஸ்வரப்படுத்தி சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்ற பெரும் நூலாக 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்டார். அதில் முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் இருக்கின்றன. இன்று நாம் தீட்சிதரை அறிவதற்கு அந்த நூலே முதல் ஆதாரம்.

அதை எழுதச் சொல்லி விடாமல் வற்புறுத்தியவர் சின்னசாமி முதலியார். அவர் கிறிஸ்தவர். நம் கீர்த்தனைகளை மேல்நாட்டு நோட்டு முறையில் 1893இலேயே அச்சிடத் தொடங்கி, அதற்காகப் பணத்தையும் கண் பார்வையையும் செலவழித்தவர். செலவு செய்தது எட்டயபுரம் அரண்மனை. ஆக, பாரம்பரியத்தைக் காப்பாற்றியவர்கள் பட்டியலில் பாரம்பரியக் காவலர் என்று என்னைப் போலச் சொல்லிக்கொள்பவர்கள் அதிகம் இல்லை. வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள்.

என் தீர்மானத்தில் ஒரு பிழை

இப்போது நான் எழுதிய தீர்மானத்துக்கு வருகிறேன். ஆர்மோனியம் நம் பாரம்பரிய வாத்தியம், கீபோர்டு அந்நிய வாத்தியம் என்பது அதன் அடிப்படை. படித்துப் பார்த்தால், ஆர்மோனியமும் 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருவாகிக் கப்பலில் வந்த பெட்டிதான். அதில் கமகம் வராது, நம் சங்கீதத்தைக் கெடுக்கிறது என்று சொல்லி 1940இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடையே போட்டது. முப்பது வருடத்துக்கு மேல் அந்தத் தடை இருந்தது.

என் அப்பா உத்தமபாளையத்தில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். அவர் பெட்டியைத் திறந்ததும் ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். சிறுவனாக இருந்த எனக்கு அழுகை வரும். அப்பா ஒன்றும் சொல்லாமல் வாசிப்பார். இத்தனை வருடம் கழித்து, நம் பொது அரங்கில் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போன அந்தப் பெரியவர் நான்தான்.

நம் உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்தில் ஆர்மோனியத்தோடு வளர்ந்த இளையராஜா, 2005இல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தை ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவை வைத்து வெளியிட்டார். அந்தக் குறுந்தகட்டை வாங்கிப் பெருமையாக அலமாரியில் வைத்திருப்பவன் நான். பக்கத்து ஊர்க்காரர் செய்தால் பெருமை, பக்கத்து வீட்டுப் பிள்ளை செய்தால் பாவமா?

அதற்காக எல்லா ரீமிக்ஸும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. பிள்ளைகள் அன்று வாசித்ததில் பேடு சத்தத்தில் கவசத்தின் சொற்கள் பாதி காதில் விழவில்லை. அது குறைதான். தீட்சிதர் வாழ்க்கையிலிருந்து அவர்களுக்கும் நமக்கும் மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன. மூலப் பாட்டை முதலில் ஒழுங்காகக் கற்க வேண்டும். வாத்தியம் குரலுக்குப் பின்னால் போக வேண்டும். எந்தப் பாட்டை எதோடு கலக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற விவேகம் வேண்டும்.

எனவே அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் என் பழைய தீர்மானத்துக்கு நானே திருத்தம் கொண்டுவரப் போகிறேன். வாத்தியக் கட்டுப்பாடு வேண்டாம். காலை 6 மணிக்கு முன் ஒலிபெருக்கி கூடாது, அது சட்டமும்கூட. சொல் காதில் விழ வேண்டும். இந்த இரண்டு நிபந்தனை போதும். யாராவது வழிமொழிந்தால் நன்றி உடையவனாக இருப்பேன்.

அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த இதழை அவர்களிடம் காட்டுங்கள். நானே நேரில் வந்து கூப்பிடவும் தயாராக இருக்கிறேன். தீபாவளி அன்று மாலை 6 மணிக்குப் பொது அரங்கில் தீட்சிதர் நினைவாக ஒரு சிறிய பஜனை வைக்கலாம் என்று இருக்கிறோம். விடுமுறைக்கு வரும் என் பேத்தி அந்தக் கோட்டை மெட்டை வயலினில் வாசிப்பாள். கீபோர்டுக்கு ஆள் தேவை. அப்பாவின் ஆர்மோனியத்தையும் துடைத்து வைத்திருக்கிறேன். சுண்டல் எங்கள் வீட்டுச் செலவு.

அவசியம் வாருங்கள்.